தனியாட்கள் பொங்கிய அசனம்

நவம்பர் பிறந்தாலே எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. தில்லியில் அந்த மாதம் வானம் பழுப்பாகி, கண் எரிந்து, ஊரே இருமிக்கொண்டிருக்கும். காற்றுதான் காரணம் என்று சொன்னால் எல்லாரும் நம்பிவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் என்னை அலைக்கழித்தது எங்கள் தமிழ்ச் சபையின் ஸ்தோத்திரப் பண்டிகை.

வருஷம் முழுக்கக் கிடைத்த நன்மைகளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லும் ஞாயிற்றுக்கிழமை அது. ஆராதனை முடிந்ததும் அசனம் நடக்கும். சபையார் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுவதுதான் அசனம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில்களின் வழக்கம். மத்திய அரசு வேலை கிடைத்து இங்கே குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் பெட்டி படுக்கையோடு அதையும் ரயிலேற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நன்றி சொல்வதில் எனக்கு என்ன கஷ்டம்? சொல்கிற விதத்தில்தான் கஷ்டம். எங்கள் சபையில் குடும்பம் குடும்பமாக முன்னால் போவார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்த மாமியார் என்று ஒரு வரிசை நிற்கும். போதகர் அந்தக் குடும்பத்தைப் பெயர் சொல்லி ஆசீர்வதிப்பார். அடுத்த குடும்பம், அதற்கடுத்த குடும்பம். எல்லாம் முடிந்த பிறகு மைக்கில், "தனியா இருக்கிறவங்க மொத்தமா வரலாம்" என்பார். பேருந்தில் கடைசிக் கும்பலை ஏற்றுவதுபோல நாங்கள் முண்டியடித்துப் போய் நிற்போம். ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் எங்கே நிற்பதென்று தெரியாது. எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஜெபம்.

அசனத்திலும் அப்படியே. சமைக்கிற பொறுப்பு கிட்வாய் நகர் குழு, லக்ஷ்மிபாய் நகர் குழு, ஜனக்புரி குழு, துவாரகா குழு என்று ஆண்டுக்கொரு குழுவாகச் சுற்றிவரும். குழு என்றால் குடும்பங்கள். நாங்கள் எந்தக் குழுவிலும் கிடையாது. யாரும் எங்களை ஒதுக்கவில்லை. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், சும்மா வந்து சாப்பிடுங்க" என்பார்கள். கிளம்பும்போது மிஞ்சிய சோற்றையும் சாம்பாரையும் ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, "ராத்திரிக்கு ஆகும்ல" என்று கையில் திணிப்பார்கள். வாங்காமல் வந்தால் கோபித்துக்கொண்டதாக ஆகிவிடும். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் மடியில் அந்தச் சூடு வீடு வரைக்கும் இருக்கும்.

அதனால் இந்தப் பண்டிகையிலிருந்து தப்பிக்க நான் பல வழிகளைப் பரீட்சித்துப் பார்த்தவள். ஒரு வருஷம் வேண்டுமென்றே டியூட்டி கேட்டு வாங்கினேன். நான் ஒரு பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். ப்ளஸ் டூவுக்கு மேல் ஒரு டிப்ளமோ, அவ்வளவுதான் படிப்பு. மிச்சமெல்லாம் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நீட்டுகிறவர்கள் பேசக் கேட்டுக் கற்றது. ஊசி ஏறும்போது யாரும் சும்மா இருப்பதில்லை, எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு வருஷம் மெட்ரோவில் ஏறி, கடைசி ஸ்டேஷன் வரை போய், எதிர் வண்டியில் திரும்பி வந்தேன். இன்னொரு வருஷம் சரோஜினி நகரில் எதுவும் வாங்காமல் சுற்றிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். மீட்டர் பாய்ந்துகொண்டிருந்தது. கேட்டதற்கு அந்த ஆட்டோக்காரர், "தீதி, தனி ஆளுக்கு மீட்டர் கொஞ்சம் வேகமாத்தான் ஓடும்" என்றார். சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாசகத்தை இன்றுவரை பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

போன வருஷம் தப்பிக்க வழி இல்லாமல் மாட்டிக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன் என்பதைவிட, நானே போய் மாட்டினேன்.

அக்டோபரில் ஆராதனை முடிந்து ஆலோசனைக் கூட்டம் நடந்தது. அந்த முறை சமையல் லக்ஷ்மிபாய் நகர் குழுவுடையது. அந்தக் குழுவிலோ ஆளே இல்லை. பாதிப் பேர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் பிள்ளைகளோடு நொய்டா, குருகிராம் என்று சிதறிவிட்டார்கள். பெண்கள் சங்கத்துச் செயலாளர் அக்கா எழுந்து, "கேட்டரிங்கில சொல்லிரலாமா?" என்று கேட்டார். ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கம். கிட்வாய் நகரில் முப்பது வருஷமாக இருக்கிறவர். அவர் குரல் கொடுத்தால் பியானோகூடக் கொஞ்சம் அடங்கும்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கால் தானாக நிமிர்ந்துகொண்டது.

"நாங்க பொங்குதோம்க்கா."

"நாங்கன்னா யாரும்மா?"

"தனியா இருக்கிற நாங்க."

சிரிப்பு எழுந்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளை பெரிய செருப்பைப் போட்டு நடந்தால் சிரிப்போமே, அது. அக்கா, "உங்களுக்கு எதுக்கும்மா..." என்று தொடங்கினார். அதற்குள் பின்வரிசையிலிருந்து அண்ணாச்சி எழுந்தார். அமைச்சகம் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், லக்ஷ்மிபாய் நகரில் யாரோ ஒருவருடைய குவார்ட்டர்ஸில் ஒற்றை அறையில் இருக்கிறவர். "நாப்பது வருஷமா எனக்கு நானே பொங்கித் திங்கேன். இன்னும் சாகல" என்றார். ஜனக்புரித் தமிழ்ப் பள்ளி டீச்சரும் கையைத் தூக்கினார். அவர் கணவரை விட்டு வந்து ரொம்ப காலம் ஆகிறது. சபையில் அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதையே எல்லாரும் உபகாரமாகச் செய்துகொண்டிருந்தார்கள். கடைசியாகக் குருகிராமில் அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். தில்லியில் பிறந்தவள், பெற்றோர் நாகர்கோவிலுக்குத் திரும்பிவிட, இவள் மட்டும் பி.ஜி. விடுதியில் தங்கியிருந்தாள். "அச்சா, நானும்" என்றாள்.

அக்கா போதகரைப் பார்த்தார், போதகர் அக்காவைப் பார்த்தார். "சரி, ஒரு தடவ பாப்போம்" என்றார் அக்கா. "நல்லபடியா முடிஞ்சா உங்களையும் ஒரு குழுவா முறையில சேர்த்துக்கிடலாம். இல்லன்னா அடுத்த தடவ கேட்டரிங்."

வேண்டியது அதுதான். முறையில் ஓர் இடம். குழுக்களின் வரிசையைப் படிக்கும்போது எங்களுக்கும் ஒரு வரி. கேட்பவர்களுக்கு அற்பமாகத் தோன்றலாம். அந்த மாதம் முழுக்க எனக்கு வேறு நினைப்பில்லை. ஊசியைக் குத்திவிட்டு, "புழுங்கலரிசி எங்கே நல்லா கிடைக்கும்?" என்று பஞ்சாபிப் பாட்டிகளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி அறையில் கூடிப் பேசினோம். எங்கள் பண்டிகை வாரத்தில் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை என்பதால் மேலதிகாரிகள் யாரும் மெயில் போடமாட்டார்கள், எனவே சாமான் வாங்க லீவு கிடைக்கும் என்றாள் குருகிராம் பெண். "அங்க எல்லாரும் ஃபேமிலி கிட்ட போயிடுவாங்க தீதி. தனியா இருக்கிறவங்க ஃப்ரோசன் டின்னர் சாப்பிட்டு டி.வி. பாப்பாங்களாம். என் மேனேஜர் சொன்னா." அண்ணாச்சி, "பாவம், அங்கயும் டப்பாதானா" என்றார்.

பிறகு அரிசிக் கணக்கு வந்தது. ஒரு ஆளுக்கு எவ்வளவு?

"நான் ஒரு கைப்பிடி போடுவேன். சுகர்லா" என்றார் அண்ணாச்சி.

"ஒரு சின்ன டம்ளர் வடிச்சா எனக்கு மறுநாள் காலைக்கும் இருக்கும்" என்றார் டீச்சர்.

"நான் சாவல், அதான் சோறு, சாப்பிடுறதே சண்டேதான்" என்றாள் குருகிராம் பெண்.

நான் அரை டம்ளர் போடுகிறவள். நால்வர் கணக்கையும் சேர்த்துப் பார்த்து, பண்டிகையாயிற்றே என்று தாராளமாக முக்கால் டம்ளர் என்று வைத்தோம். அதற்கு மேல் அண்ணாச்சி, "எதுக்கும் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் கூட்டுவோம்" என்று ஒரு சிப்பம் சேர்த்தார். இவ்வளவு அரிசியை வாழ்நாளில் ஒன்றாகப் பார்க்காதவர்கள் நாங்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மூட்டையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தபோது, ஊருக்கே சோறு போடுகிற மிராசுதார்போல இருந்தது எனக்கு.

பண்டிகையன்று விடிந்ததும் விடியாததுமாக, பாத்திரம் வாடகைக்கு விடும் டென்ட் ஹவுஸ்காரர் கோயில் பின்முற்றத்தில் அடுப்பையும் அண்டாக்களையும் இறக்கினார். பனியும் புகையும் சேர்ந்து எதிர்ச் சுவர் தெரியவில்லை. டீச்சர் மாஸ்க் போட்டுக்கொண்டே ஆட்டுக்கறியைக் கழுவினார். அண்ணாச்சி மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு சாம்பாருக்கு நின்றார். அவர் புளி கரைக்கிற கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சோறு வடித்தாயிற்று, கறி வெந்தாயிற்று, சாம்பார் மணம் சபை வாசல் வரை போயிற்று. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் மூக்கை உறிஞ்சி எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்கள். "நீ உள்ள போய் ஆராதனையில இரு, தங்கச்சி. இனி இங்க வேல இல்ல" என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மனசு லேசாகத்தான் இருந்தது. பாட்டு முடிந்து, பிரசங்கம் பாதியில் இருந்தபோது என் கைக்குட்டை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன்.

நாற்காலிகளுக்கு அடியில் தூக்குச் சட்டிகள் இருந்தன. ஒவ்வொரு குடும்பத்தின் காலடியிலும் ஒன்று. சில இடத்தில் இரண்டு. மூன்றடுக்கு கேரியர்கள், மூடி போட்ட எவர்சில்வர் வாளிகள், பால் வாங்குகிற பெரிய தூக்குகள். முன் வரிசை வரைக்கும் கால்களுக்கு நடுவே பளபளவென்று நின்றன.

அசனச் சோற்றை வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். வர முடியாத வயசாளிக்கு, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு, டியூட்டிக்குப் போன மருமகனுக்கு, பக்கத்து வீட்டு ஹிந்திக்காரர்களுக்கு. கறி பந்தியோடு சரி. சோறும் சாம்பாரும் தூக்குக்கும் உண்டு. இது எனக்குத் தெரியாத விஷயமா? வருஷா வருஷம் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் நாங்கள் நான்கு பேரும் ஒரு தூக்கைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு அசனத்துக்கு வந்ததில்லை. எங்களுக்காக வீட்டில் காத்திருக்கிற வாய் இல்லை. ஆகவே கணக்குப் போட்டபோது அது நால்வரில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

போதகர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அண்டாவின் அடிப்பாகம்தான் கண்ணில் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "பாத்ரூமா?" என்று கேட்டார். ஆமாம் என்று எழுந்து பின்பக்கம் ஓடினேன்.

"அண்ணாச்சி, தூக்கு."

"என்ன தூக்கு?"

"எல்லாரும் தூக்கு கொண்டுவந்திருக்காங்க."

அண்ணாச்சி கரண்டியை அண்டா விளிம்பில் சாய்த்து வைத்தார். "அட பாவமே" என்றார். டீச்சர் சோற்று அண்டாவின் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்து பார்த்தார். திறந்து பார்த்தால் கூடிவிடுமா என்ன?

"பந்திக்கு வரும். தூக்குக்கு ஒரு பருக்கை வராது" என்றார்.

"பந்திக்குக் கொஞ்சமா வைப்போமா?" என்றேன்.

"ஸ்தோத்திரப் பண்டிகையில சோறு அளந்து வச்சாங்கன்னு பேர் வேணுமா உனக்கு?" என்றார் அண்ணாச்சி.

குருகிராம் பெண் அதற்குள் ஸ்கூட்டியைத் திருப்பியிருந்தாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள், முன்னால் காலடியில் ஒரு மூட்டை, பின் சீட்டில் ஒரு மூட்டை. "பாசுமதிதான் இருக்கு. புழுங்கல்னு கேட்டா பையா என்னைப் பாகல், பைத்தியம் மாதிரி பாக்குறார்."

"அசனத்துல பாசுமதியா" என்று அண்ணாச்சி முனகினார். ஆனால் கை அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தது. "அரிசி சீக்கிரம் வெந்திரும். இவ்வளவு தண்ணி கொதிக்கணுமே, அதுதான் நேரம். பிரசங்கம் எங்க நிக்கி?"

"முடியப் போகுது."

"அடுத்து?"

"சாட்சி. அது முடிஞ்சா ஆசீர்வாதம், அதோட பந்திதான்."

"எத்தனை பேர் சாட்சி சொல்லுதாங்க?"

"ரெண்டு பேர்தான் பேர் கொடுத்திருக்காங்க."

மதியத்துக்கு மேல் கட்டிடத்தை ஹிந்திச் சபைக்குக் கொடுக்க வேண்டும். பந்தி முடிந்த கையோடு தூக்குகள் நீளும், நில்லுங்கள் என்று சொல்ல முடியாது, ஆகவே தண்ணீர் கொதிக்கிற நேரத்தைச் சாட்சியில்தான் பிடிக்க வேண்டும். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தச் சபையில பேசத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். போ. தண்ணி கொதிச்சு அரிசி வெந்ததும் வாசல்ல நின்னு கரண்டியத் தூக்கிக் காட்டுதேன். அதுவரைக்கும் இறங்காத."

பதினெட்டு வருஷம் இந்தச் சபையில் இருக்கிறேன். ஒரு தடவைகூட முன்னால் போய், ஆண்டவர் எனக்குச் செய்த நன்மை இது என்று சாட்சி சொன்னதில்லை. மகளுக்கு மெடிக்கல் சீட், மகனுக்குக் கல்யாணம், பேத்திக்கு முதல் பிறந்தநாள், சொந்த ஃப்ளாட் என்று வரிசையாகச் சொல்கிற இடத்தில் நான் எதைக் கொண்டுபோவது? பேர் கொடுத்த இருவரும் சுருக்கமாக முடித்துத் தொலைத்தார்கள். போதகர் ஆசீர்வாதத்துக்காகக் கையைத் தூக்கினார். நான் நடுவழியில் நடந்துகொண்டிருந்தேன்.

"ஐயா, ஒரு சாட்சி."

அவர் கையை இறக்கினார். "சொல்லுங்கம்மா" என்றார், ஆச்சரியத்தை மறைக்கத் தெரியாமல்.

மைக்கின் முன் போய் நின்றேன். சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. அக்கா இரண்டாவது வரிசையில்.

"இந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆகல. பிள்ள பொறக்கல. வீடு வாங்கல. கோட்லாவில அதே மாடி ரூம்தான்" என்று தொடங்கினேன். எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு. கொஞ்சம் தைரியம் வந்தது. என் வீட்டுக்காரம்மாவுக்காக நன்றி சொன்னேன். குழாயில் தண்ணீர் வந்ததும் இருட்டோடு இருட்டாக என் கதவைத் தட்டி, 'பானி ஆ கயா' என்று சொல்லிவிட்டுப் போகிறவர். காய்ச்சலானாலும் தீபாவளியானாலும் தட்டாமல் விட்டதில்லை. ஊசியைப் பார்த்தால் அழுகிற ஒரு ரிட்டயர்ட் கர்னலுக்காக நன்றி சொன்னேன். அழுது முடித்ததும் அவரே எழுந்து போய் எனக்கு டீ போட்டுக்கொண்டு வருவார். வாசலைப் பார்த்தேன். கரண்டி தெரியவில்லை.

"இந்தச் சபையில பாதிப் பேருடைய நரம்புக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். "நிஜமாத்தான். உங்க வீட்டுக்கெல்லாம் வந்து ரத்தம் எடுத்திருக்கேன். அந்தத் தூண் பக்கம் இருக்கிற அங்கிளுக்கு இடது கையில கிடைக்காது, வலது கையிலதான் கிடைக்கும். அவர் பக்கத்துல இருக்கிற ஆன்ட்டிக்கு எங்க குத்தினாலும் கிடைக்கும், ஆனா குத்துறதுக்கு முன்னாடியே கத்துவாங்க." இப்போது எல்லாரும் சிரித்தார்கள், அந்த ஆன்ட்டியும். போதகர் வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் இன்னும் கரண்டி இல்லை. ஆவி மட்டும் தெரிந்தது, புகையோடு புகையாக.

சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்துவிட்டது. கால் மாற்றி நின்றேன். தீர்ந்தபின் வாய்க்கு எது அகப்பட்டதோ அதைச் சொன்னேன்.

"மழைக்காலத்துல எனக்கு டெங்கு வந்தது. உங்க யாருக்கும் தெரியாது. நான் சொல்லல. குருகிராம்ல இருந்து இந்தப் பொண்ணு எளநீ வாங்கிட்டு வந்து போவா. டீச்சர் ஸ்கூல் விட்டதும் மெட்ரோ மாறி மாறி வந்து துணி துவைச்சுப் போட்டாங்க. அண்ணாச்சி தினமும் வந்தார். தனியா இருக்கிற பொம்பள ரூம், உள்ள வரக் கூடாதுன்னு கதவைத் திறந்து வச்சிட்டு வெளிய மாடிப்படியில உக்காந்துக்குவார். அங்க இருந்தே பேப்பரைச் சத்தமா வாசிப்பார். வரி விளம்பரம் வரைக்கும் வாசிப்பார். நான் தூங்கிட்டேனான்னு தெரியாது அவருக்கு, வாசிச்சிட்டே இருப்பார்."

மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"உங்ககிட்ட சொல்லியிருந்தா சாப்பாடு அனுப்பியிருப்பீங்க. நிச்சயமா அனுப்பியிருப்பீங்க. அதனாலதான் சொல்லல."

அதை ஏன் சொன்னேன்? அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாசலைப் பார்த்தேன். அண்ணாச்சி நின்றார். கரண்டி தலைக்கு மேல் இருந்தது. ரொம்ப நேரமாக ஆட்டிக்கொண்டிருந்திருப்பார்போல, கை சோர்ந்து சாய்ந்திருந்தது.

"ஆமென்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். போதகர் அந்த ஆமெனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதாகப் பிறகு சொன்னார்கள்.

பந்தி போட்டோம். முதலில் புழுங்கலரிசிச் சோறு, கறி. எல்லாரும் திருப்தியாகச் சாப்பிட்டார்கள். சாம்பாரை டீச்சர் வெந்நீர் ஊற்றிப் பெருக்கியிருந்தார். அது எனக்குத் தெரியும், சாப்பிட்டவர்களுக்கும் தெரிந்திருக்கும். அடுத்து தூக்குகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நீண்டுகொண்டே வந்தன. பாசுமதியை அள்ளி அள்ளி நிரப்பினோம். கை சுட்டது. பின்னால் ஹிந்திச் சபையார் வந்து சேர்ந்து, "ஜல்தி, ஜல்தி" என்று நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்திருந்தார்கள். கடைசித் தூக்குக்கு அண்டாவைச் சாய்த்துச் சுரண்டினேன். சரியாக அதோடு தீர்ந்தது.

கடைசித் தூக்கு அக்காவுடையது. மூடியைத் திறந்தார். நீள நீளமான பருக்கைகளை விரலால் கிளறிப் பார்த்தார்.

"ஏளா, இங்க வா."

பதினெட்டு வருஷத்தில் அக்கா என்னை, வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல, 'ஏளா' என்று கூப்பிட்டதில்லை. வாங்கம்மா, போங்கம்மாதான்.

"இது என்ன சோறு?"

"பாசுமதிக்கா."

"பந்தியில புழுங்கல், தூக்குல பிரியாணி அரிசியா? வீட்ல எங்க மாமா பல்லு இல்லாம கெடக்காரு, உன் பாசுமதியில சாம்பார ஊத்துனா ஒட்டுமா? ஆள எண்ணுனியே, தூக்க எண்ணுனியா?"

"எண்ணலக்கா."

"சாம்பார்ல யாரு தண்ணி ஊத்துனது? நீ என்ன, சாட்சி சொன்னியா, சோறு வடிச்சியா?"

சுற்றிலும் நாலைந்து பெண்கள் பாத்திரத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். துவாரகா குழு ஒரு வருஷம் கறியைத் தீய்த்தபோது இதே அக்கா இதே இடத்தில் இதே சத்தத்தில் அவர்களைக் கிழித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்கு நான் ஓரமாக நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்ல ஏதும் இருக்கவில்லை.

"அதுக்குத்தான சாட்சிய இழுத்த?" அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஆமாக்கா."

"டெங்கும் அதுக்குத்தானா?"

"இல்லக்கா. அது நிஜம்."

அக்கா தூக்கை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திருப்பித் திருப்பி அழுத்தினார். நான் உதவ நீட்டிய கையைத் தட்டிவிட்டார். எனக்கும் எங்கிருந்தோ கோபம் வந்தது. "பாசுமதி கிலோ என்ன விலை தெரியுமாக்கா, உங்க மாமாவுக்கு நல்ல அரிசிதான் போட்டிருக்கோம்" என்றேன். "வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றார். "சாம்பார்ல உப்பும் இல்ல" என்றார். உப்பு இருந்தது என்று டீச்சர் பின்னாலிருந்து சொன்னார். அண்ணாச்சி, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் இருந்தது என்றார். கொஞ்ச நேரம் எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினோம். ஹிந்திச் சபைப் பெரியவர் ஒருவர் வந்து, வெளியே போய்ச் சண்டை போடுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

வெளியே, பின்முற்றத்துக்குப் போனோம். அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அண்ணாச்சியிடம் பேசினார், என்னிடம் இல்லை. "வார வருஷம் ஜனக்புரி. அதுக்கு அடுத்து கிட்வாய் நகர், அடுத்து துவாரகா. லக்ஷ்மிபாய் நகர் இருந்த இடத்துல இனி நீங்க. நாலு வருஷம் கழிச்சு வரும். அன்னைக்கும் இதே மாதிரி செஞ்சீய, நான் உயிரோட இருந்தா சும்மா இருக்கமாட்டேன்."

"நாலு வருஷம்னா எனக்கு எழுபது தாண்டிரும்" என்றார் அண்ணாச்சி.

"தாண்டட்டும். கரண்டி பிடிக்கக் கை இருக்கும்லா." நடந்தவர் நின்று திரும்பி, குருகிராம் பெண்ணைப் பார்த்தார். "நீ அதுக்குள்ள எவனையாவது கட்டிட்டுப் போயிராத. இவங்களுக்கு ஆள் பத்தாது."

அக்கா போன பிறகு பின்முற்றத்தில் நாங்கள் நால்வரும் அண்டாக்களும் மட்டும் இருந்தோம். யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. சாப்பிட எதுவும் இருக்கவில்லை. டென்ட் ஹவுஸ்காரர் வருவதற்குள் பாத்திரம் தேய்த்துக் கொடுக்க வேண்டும். ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் ஏற்றிக்கொண்டு நான் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்தேன். வெளியே குருகிராம் பெண் கவலையாகக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"அங்கிள், மேரேஜ் ஆயிட்டா குரூப்ல இருக்கக் கூடாதா?"

"ஏன், யாரையும் பாத்து வச்சிருக்கியா?"

"பதா நஹீ, தெரியல. சும்மா கேக்குறேன்."

"கட்டிக்கோ. நவம்பர்ல மட்டும் லீவு போட்டுட்டு வந்திரு. அவனையும் கூட்டிட்டு வா, அண்டா தூக்க ஆள் வேணும்."

"அப்ப அது ஃபேமிலி குரூப் ஆயிடாதா?" என்றார் டீச்சர்.

நான் அண்டாவிலிருந்து தலையை வெளியே எடுத்து, "அத அப்புறம் பாக்கலாம். சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு போட்டோம், அத முதல்ல சொல்லுங்க" என்றேன். ஆளுக்கொரு அளவு சொன்னார்கள்.